மரமேடையில் மறைவாகப் பூட்டும் கிளிப்புகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

திறந்தவெளியில் மரச் சட்டங்களின் மேல் பலகைகளைப் பரப்பி அமைக்கும் மரமேடையை, அதாவது டெக் எனப்படும் தளத்தைப் பற்றி வாசகர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். அவற்றுள், திருகாணித் தலைகள் வெளியே தெரியாமல் பலகைகளைப் பொருத்தும் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகளைப் பற்றிய கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: மேடையின் மேற்பரப்பில் ஒரு திருகாணித் தலைகூடத் தெரியக் கூடாது என்பது எங்கள் விருப்பம். கடைக்காரர் பல வகைகளைக் காட்டுகிறார். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: விற்பனைப் பெயர்கள் பலவாக இருந்தாலும் அடிப்படையில் முறைகள் நான்குதான். முதலாவது, பலகையின் இரு பக்க விளிம்புகளிலும் நீளவாக்கில் காடி (ஒடுங்கிய நீண்ட பள்ளம்) வெட்டி, அந்தக் காடிக்குள் கிளிப்பின் இறக்கைகளை நுழைத்து, இரண்டு பலகைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகக் கிளிப்பைத் தாங்கு சட்டத்தில் திருகிவிடுவது. இரண்டாவது, கிளிப்பே இல்லாமல், வழிகாட்டிக் கருவி ஒன்றை விளிம்பில் பிடித்துக்கொண்டு, சாய்வாகத் திருகாணியைப் பலகையின் பக்கவாட்டிலிருந்து சட்டத்துக்குள் இறக்குவது. மூன்றாவது, தாங்கு சட்டத்தின் பக்கத்தில் துளைகளுள்ள உலோகப் பட்டையைப் பொருத்தி, மேடைக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் பலகையைத் திருகுவது. நான்காவது, வழக்கம்போல மேலிருந்தே திருகி, தலையைப் பலகைக்குள் ஆழமாக இறக்கி, அதன் மேல் அதே மரத்தில் கடைந்தெடுத்த முளையைப் பசையிட்டு அடைத்து, மட்டமாகச் சீவிவிடுவது.

இவற்றில் எது நல்லது என்ற கேள்விக்கு முன்னால் மூன்று விவரங்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: பலகையின் தடிமன், பலகையின் அகலம், மேடைக்கு அடியில் ஆள் நுழைந்து வேலை செய்ய இடம் இருக்கிறதா என்பது. 25 மி.மீ. தடிமனுள்ள பலகையில் காடி வெட்டினால் காடிக்கு மேலும் கீழும் போதிய மரம் மிஞ்சும். அதைவிட மெல்லிய பலகையில் காடி வெட்டினால், கிளிப்பு பற்றிக்கொள்ளும் அந்த உதடு நாளடைவில் பிளந்து போகக்கூடும். அகலத்தைப் பொறுத்தவரை, சுமார் 140 மி.மீ. வரையுள்ள பலகைகளைக் காடிக் கிளிப்புகள் நன்றாகவே பிடித்து வைக்கின்றன. அதற்கு மேல் போனால், வெயிலும் மழையும் மாறி மாறிப் படும்போது பலகை குழிந்தோ குவிந்தோ வளைய முயலும் விசை பெரிது. விளிம்பை மட்டும் பிடிக்கும் கிளிப்பால் அதை அடக்க முடியாது. அகலப் பலகைக்கு, ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு திருகாணி போட்டு முளை அடைக்கும் நான்காவது முறையே பாதுகாப்பானது. அதிக உழைப்பு கேட்கிறது என்பதற்காகப் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். என் கணிப்பில், அடர்த்தியான கடின மரத்துக்கு அதைவிட உறுதியான முறை இல்லை.

மேடை தரையிலிருந்து உயரமாக இருந்து, அடியில் நின்று வேலை செய்ய முடியுமென்றால் மூன்றாவது முறையைத் தயங்காமல் பரிசீலியுங்கள். பிற்காலத்தில் ஒரு பலகையை மட்டும் கழற்றி மாற்றுவது அதில்தான் எளிது.

சாய்வுத் திருகாணி முறையில் கிளிப்புச் செலவு இல்லை என்பது உண்மை. ஆனால் விளிம்புக்கு மிக அருகில் திருகாணி நுழைவதால், முன்துளை இடாமல் இறக்கினால் கடின மரம் பிளக்கும்.

காடிக் கிளிப்பு முறையைத் தேர்ந்தால், முதல் பலகையின் வெளி விளிம்பு, கடைசிப் பலகை, படிக்கட்டு ஆகிய இடங்களில் கிளிப்பு மட்டும் போதாது. அங்கே மேலிருந்து திருகி முளை அடைப்பதே முறை.

கேள்வி: 304 தரக் கிளிப்புக்கும் 316 தரக் கிளிப்புக்கும் பார்வையில் எந்த வேறுபாடும் இல்லை, விலையில் மட்டும் பெரிய வேறுபாடு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கப்போகும் பொருளுக்கு உயர்ந்த தரம் அவசியமா?

பதில்: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கப்போகிறது என்பதுதான் உயர்ந்த தரத்தை நாடுவதற்கான முதல் காரணம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடு சேரும்போது, அதன் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடாலான படலம் ஒன்று தானாகவே உருவாகிறது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள இந்தப் படலம்தான் உள்ளே இருக்கும் இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. கீறல் விழுந்தாலும், காற்றிலுள்ள ஆக்சிஜன் கிடைத்தால் படலம் மீண்டும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். 304 தரத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. 316 தரத்தில் இவற்றோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்கிறது. கடல் உப்பு, குளோரின் கலந்த நீர் முதலியவற்றிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் துளைத்து உள்ளே இறங்கும். இதைக் குழி அரிப்பு என்கிறார்கள். மாலிப்டினம் அந்தத் தாக்குதலைத் தாங்கும் ஆற்றலைக் கணிசமாக உயர்த்துகிறது.

இப்போது கிளிப்பு இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் இருக்கும் திருகாணித் தலையை மழை கழுவுகிறது. வெயிலும் காற்றும் உலர்த்துகின்றன. பலகைகளின் இடுக்கில் இருக்கும் கிளிப்புக்கு இந்த இரண்டு உதவியும் குறைவு. அங்கே சருகும் மண்ணும் மரத்தூளும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. காற்றோடு வந்த உப்பு கழுவப்படாமல் தங்கித் தங்கிச் செறிவடைகிறது. காடிக்குள் இறுக அழுந்தியிருக்கும் பரப்புக்கு ஆக்சிஜன் சரியாகக் கிடைக்காததால் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவும் முடிவதில்லை. இடுக்கு அரிப்பு என்னும் இந்த நிலைமை, வெளியே தெரியும் திருகாணியைவிட மறைவாக இருக்கும் கிளிப்பையே அதிகம் வாட்டும். அது அரித்துப்போனதை நீங்கள் பார்க்கவும் முடியாது. பலகை ஆட்டம் காணும்போதுதான் தெரியவரும்.

ஆகவே, கடலோரத்தில் உப்புக்காற்று நேரடியாக வீசும் இடத்திலும், நீச்சல் குளத்தைச் சுற்றிலும், உப்புநீர் தெறிக்கும் படகுத்துறையிலும் 316 தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கடலிலிருந்து தொலைவில், காற்றோட்டம் உள்ள மேடைக்கு 304 போதுமானது. அங்கே கூடுதல் விலை கொடுப்பது தேவையற்றது. விலையை ஒப்பிடும்போது கிளிப்பின் விலையைக் கிளிப்பின் விலையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். மொத்த மேடைச் செலவில் கிளிப்புகளின் பங்கு சிறியது. ஆனால் அவை பழுதானால் பிரித்தெடுக்க வேண்டியது பலகைகள் அனைத்தையும்.

கேள்வி: காந்தம் ஒட்டினால் அது போலி எஃகு என்கிறார்களே, இது சரியா?

பதில்: முழுவதும் சரியில்லை. 304, 316 இரண்டும் இயல்பில் காந்தத்தால் ஈர்க்கப்படாதவை. ஆனால் குளிர்நிலையில் அழுத்தியோ வளைத்தோ திருகாணியாகவும் கிளிப்பாகவும் உருவாக்கும்போது, குறிப்பாக 304 இல், லேசான காந்த ஈர்ப்பு வந்துவிடும். மெல்லிய ஈர்ப்பைக் கண்டு நல்ல பொருளைத் தள்ளிவிட வேண்டாம். வலுவாகச் சட்டென்று ஒட்டிக்கொண்டால் அது 410 போன்ற, குரோமியம் குறைந்த, நிக்கல் இல்லாத கடின வகையாகவோ முலாம் பூசிய சாதாரண எஃகாகவோ இருக்கலாம். 304 ஐயும் 316 ஐயும் காந்தத்தால் பிரித்தறிய இயலாது. அதற்கு மாலிப்டினத்தைக் காட்டிக்கொடுக்கும் சொட்டுச் சோதனைத் திரவம் இருக்கிறது. பெரிய போல்ட்டுகளின் தலையில் ஏ2 என்றிருந்தால் அது 304 இனம்; ஏ4 என்றிருந்தால் 316 இனம். சிறிய திருகாணிகளில் இந்தக் குறி பெரும்பாலும் இருக்காது என்பதால், பெட்டியின் மேல் தரம் எண்ணாகவே அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ‘துருப்பிடிக்காதது’ என்று மட்டும் அச்சிட்ட பெட்டியை வாங்காதீர்கள். கிளிப்பு ஒரு தரமும் அதோடு வரும் திருகாணி வேறொரு தரமுமாக இருப்பதும் உண்டு. இரண்டையும் தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் தாங்கு சட்டங்கள் பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றப்பட்ட பைன் மரம். சட்டங்களைத் தாங்கும் கொக்கிகள் துத்தநாக முலாம் பூசியவை. அவற்றோடு துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைக் கலந்து பயன்படுத்தலாமா?

பதில்: இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலில் மருந்து. ஆர்செனிக் கலந்த பழைய மருந்தை அமெரிக்காவில் 2003 ஆம் ஆண்டு இறுதியோடு குடியிருப்புப் பயன்பாட்டுக்கான மரங்களில் பெரும்பாலும் கைவிட்டார்கள். அதன் இடத்தைப் பிடித்த மருந்துகளில் செம்பின் அளவு அதிகம். ஈரம் இருக்கும்போது இந்தச் செம்பு, இரும்பையும் அதன் மேலுள்ள மெல்லிய துத்தநாகப் பூச்சையும் அரித்துவிடும். மின்முலாமாகப் பூசிய பளபளப்பான மெல்லிய துத்தநாகத் திருகாணிகளை அத்தகைய மரத்தில் பயன்படுத்தவே கூடாது. உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த தடித்த பூச்சோ, துருப்பிடிக்காத எஃகோதான் பொருந்தும். உங்கள் கிளிப்புத் திருகாணிகள் அந்த மரத்துக்குள்தான் இறங்குகின்றன என்பதால் துருப்பிடிக்காத எஃகைத் தேர்ந்தது சரியே.

இரண்டாவது, கலப்பு. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நனைந்திருந்தால், அவற்றில் எளிதில் கரையக்கூடியது தன்னை இழந்து மற்றதைக் காக்கும். துத்தநாகமும் துருப்பிடிக்காத எஃகும் சேர்ந்தால் இழப்பு துத்தநாகத்துக்கு. எனவே துத்தநாகக் கொக்கிக்குத் துத்தநாக ஆணி, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிக்குத் துருப்பிடிக்காத எஃகு ஆணி என்று அந்தந்த இணைப்பில் ஒரே உலோகத்தை வைத்துக்கொள்ளுங்கள். கிளிப்புத் திருகாணி கொக்கியைத் தொடாமல் மரத்தில் மட்டும் இறங்கினால் கவலை இல்லை. ஆனால் கொக்கியின் மேல் மடிப்பு வழியாகத் திருகாணி போகும் இடங்களில் நிலைமை வேறு. அங்கே கிளிப்பைச் சற்று நகர்த்தி வையுங்கள்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கிளிப்பின் வேலை பலகையைச் சட்டத்தோடு பிடித்து வைப்பது மட்டுமே. மேடையைச் சுவரோடு இணைக்கும் சட்டம், கைப்பிடிக் கம்பங்கள், தூண்கள் ஆகியவற்றின் பாரத்தைத் தாங்குவதற்கு உரிய போல்ட்டுகள் தனியே வேண்டும். மேலும், பலகைகளை மேலிருந்து இறுகத் திருகும்போது மேடை பக்கவாட்டில் ஆடாதபடி கிடைக்கும் விறைப்பு, கிளிப்பில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. உயரமான மேடையாக இருந்தால் சட்டகத்தின் அடியில் மூலைவிட்டமாகத் தாங்குகட்டை கொடுப்பது பற்றிக் கட்டுமானப் பொறியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: பலகைகளுக்கு இடையே 5 மி.மீ. இடைவெளி விடும் கிளிப்பு வாங்கினோம். சில மாதங்களில் இடைவெளி இரண்டு மடங்காகிவிட்டது. சில பலகைகள் கடகடவென்று ஆடுகின்றன. கிளிப்பு சரியில்லையா?

பதில்: கிளிப்பின் மேல் பழி போடுவதற்கு முன் பலகையின் ஈரத்தைச் சந்தேகியுங்கள். நன்றாக உலராத பசுமரமாகவே பரப்பியிருக்க வாய்ப்பு அதிகம். 140 மி.மீ. அகலமுள்ள பலகை ஒன்றில் ஈரம் சுமார் 15 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தால், மரத்தின் இனத்தையும் அறுத்த விதத்தையும் பொறுத்து ஏறக்குறைய 5 மி.மீ. சுருங்கக்கூடும். நீங்கள் விட்ட 5 மி.மீ. அதனால்தான் 10 ஆகியிருக்கிறது. கிளிப்பின் இறக்கை குட்டையாக இருந்தால், சுருங்கிய பலகையின் காடியிலிருந்து அது பாதி வெளியே வந்துவிடும். ஆட்டத்துக்கு அதுவே காரணம்.

மரம் வாங்கும்போதே ஈரமானியால் பார்த்து, மேடை இருக்கப்போகும் சூழலின் சராசரி ஈரத்துக்கு நெருங்கி வந்த பலகைகளையே பரப்ப வேண்டும். அதற்கு வழி இல்லாதபோது, திறந்த நிழலில், பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கிக் காற்றாட விட்டு, ஈரம் குறைந்து நிலைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். எதிர்த்திசைத் தவறும் உண்டு: மிகவும் உலர்ந்த பலகைகளை இடைவெளி போதாமல் நெருக்கிப் பரப்பினால், மழைக்காலத்தில் அவை விரிந்து ஒன்றையொன்று தள்ளித் திருகாணிகளையே முறித்துவிடும். ஆகவே காடிக் கிளிப்பு வாங்கும்போது அது கொடுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதோடு, இறக்கையின் நீளம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும் மரத்துக்கு நீண்ட இறக்கையும், சிறிது வளைந்து கொடுக்கும் தன்மையும் உள்ள கிளிப்பே நல்லது.

உங்கள் மேடையில் ஆடும் பலகைகளை மட்டும், சட்டத்துக்கு நேர் மேலே திருகாணி இறக்கி முளை அடைத்து நிறுத்திவிடலாம். முழு மேடையையும் பிரிக்க வேண்டியதில்லை.

கேள்வி: கடின மரத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள் தலை முறிந்து போகின்றன. சாதாரணக் கறுப்புத் திருகாணிகள் முறிவதில்லை. ஏன்?

பதில்: கறுப்புத் திருகாணி வெப்பமேற்றிக் கடினப்படுத்திய கரி எஃகு. 304, 316 வகைகளை அவ்வாறு வெப்பத்தால் கடினப்படுத்த முடியாது. எனவே முறுக்கு விசையைத் தாங்கும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. இதற்காகக் கறுப்புத் திருகாணிக்கு மாறிவிடாதீர்கள். ஓக், சீடர் போன்ற மரங்களிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறை படியும். அந்தக் கறை மரத்துக்குள் ஊறிவிடும்.

முறிவைத் தவிர்ப்பது வேலை முறையில் இருக்கிறது. ஒவ்வொரு திருகாணிக்கும் முன்துளை இடுங்கள். கடின மரத்தில் துளையின் விட்டம் திருகாணியின் மரை நீங்கிய தண்டின் விட்டத்துக்கு மிக அருகில் இருக்கலாம். மரையில் சிறிது மெழுகு தடவுங்கள். தட்டித் திருகும் இம்பாக்ட் கருவியைவிட, விசை அளவை நிறுத்தி வைக்கக்கூடிய ட்ரில் கருவியை மெதுவான வேகத்தில் இயக்குவது நல்லது. கூட்டல் குறி வடிவப் பள்ளத்தைவிட, நட்சத்திர வடிவப் பள்ளமோ சதுரப் பள்ளமோ உள்ள தலைகள் வழுக்காமல் பிடிக்கும்.

மேடைக்கு அருகில் இரும்பை அறுக்கவோ தேய்க்கவோ அனுமதிக்காதீர்கள். பறந்து வந்து படியும் இரும்புத்தூள், நல்ல 316 மீதும் துருப்புள்ளிகளை உண்டாக்கிப் பொருளையே சந்தேகப்பட வைக்கும். அதே காரணத்தால், துருப்பிடிக்காத எஃகைச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பி பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் தாங்கு சட்டங்கள் மரம் அல்ல, இரும்புக் குழாய்கள். அதே கிளிப்புகள் பொருந்துமா?

பதில்: கிளிப்பு பொருந்தும், அதோடு வரும் மரத் திருகாணி பொருந்தாது. தானே துளையிட்டு இறங்கும் திருகாணி தேவை. ஆனால் 304, 316 வகைகளின் முனை எஃகைத் துளைக்கும் அளவுக்குக் கடினமானதல்ல. இதற்காகவே, தண்டு துருப்பிடிக்காத எஃகாகவும் முனை மட்டும் கடினக் கரி எஃகாகவும் இணைத்த இரட்டை உலோகத் திருகாணிகள் விற்கப்படுகின்றன. 410 வகைத் திருகாணி தானே துளைக்கும் என்றாலும், கடலோரத்துக்கு அது ஏற்றதல்ல.

கேள்வி: உட்புற நீச்சல் குளத்தைச் சுற்றி மரமேடை அமைக்கிறோம். 316 போட்டுவிட்டால் கவலை இல்லைதானே?

பதில்: திறந்தவெளிக் குளத்துக்கு ஆம். கூரை போட்ட, வெப்பமும் ஈரமும் குளோரின் ஆவியும் தேங்கும் குளத்துக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. 1985 ஆம் ஆண்டு மே மாதம் ஸ்விட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரிலுள்ள உட்புற நீச்சல் குளத்தில், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் தொங்கவிடப்பட்டிருந்த கான்கிரீட் உட்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். கட்டி முடித்து அப்போது 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. இழுவிசையில் இருக்கும் எஃகை, குளோரைடு படிந்த சூழல் மெல்ல விரிசலிடச் செய்ததே காரணம் எனக் கண்டறிந்தார்கள். மேடைப் பலகையைப் பிடிக்கும் கிளிப்பு அப்படி உயிரைத் தாங்கும் உறுப்பு அல்ல; ஆனாலும் பாரம் தாங்கும் இணைப்புகள் எதுவாக இருந்தாலும் அங்கே பொறியாளரின் எழுத்துபூர்வமான பரிந்துரை இல்லாமல் உலோகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பலகைக் கிளிப்புகளை 316 இல் போட்டு, அவ்வப்போது நன்னீரால் இடுக்குகளைக் கழுவுங்கள். கழுவப்படாத இடத்தில்தான் அந்த விரிசல் தொடங்கும்.

கேள்வி: எத்தனை கிளிப்புகள் வாங்க வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: பலகை அகலத்தோடு இடைவெளியைக் கூட்டி, அதைச் சட்டங்களின் மையத்திலிருந்து மையத்துக்குள்ள தூரத்தால் பெருக்குங்கள். கிடைப்பது ஒரு கிளிப்பு பிடிக்கும் பரப்பு; மேடையின் பரப்பை அதனால் வகுங்கள். 140 மி.மீ. பலகை, 5 மி.மீ. இடைவெளி, 400 மி.மீ. சட்டத் தூரம் என்றால், ஒரு கிளிப்புக்கு 0.058 சதுர மீட்டர். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 17 முதல் 18 கிளிப்புகள். 20 சதுர மீட்டர் மேடைக்கு 345 வரும். இரண்டு பலகைகள் முனையோடு முனை சேரும் இடங்களில் ஒவ்வொரு முனைக்கும் தனிக் கிளிப்பு வேண்டியிருப்பதாலும், சில வீணாகும் என்பதாலும், பத்தில் ஒரு பங்கு கூட்டி 380 வாங்குங்கள். மீந்தவற்றைப் பெட்டியோடு பத்திரப்படுத்தி வையுங்கள். ஒரு பலகையை மாற்ற நேரும்போது அதே தடிமனும் அதே இறக்கை நீளமும் உள்ள கிளிப்பு மீண்டும் கடையில் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை.